இடஞ்சுற்றிய மின்னோட்டம்

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில், ஊர் முடிந்து கரும்புக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில், வட்டமாக ஒரு கட்டடம் நிற்கிறது. புதிதாகப் பார்க்கிறவர்கள் தண்ணீர்த் தொட்டி என்று நினைப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதைத் தணிகை உயர் அறிவியல் ஆய்வு நிறுவனம் என்பார்கள். கட்டியவர் அரிசி ஆலையில் சம்பாதித்தவர். மகனுக்கு உடம்பு தேறினால் கல்விக்கு ஏதாவது செய்கிறேன் என்று மலைமேல் வேண்டிக்கொண்டார். மகன் பிழைத்துக்கொண்டான், அறிவியல் மாட்டிக்கொண்டது. கோயில் பிராகாரம் போல நடுவில் வெற்றிடம் விட்டு, சுற்றிலும் அறைகள் வைத்துக் கட்டி முடித்தவர், கண்ணை மூடுவதற்கு முன் ஒரே ஒரு விதியை எழுதிவைத்துவிட்டுப் போனார். இந்தத் தாழ்வாரத்தில் யாரானாலும் வலமாகத்தான் நடக்க வேண்டும்.

விதி என்றால் விதிதான். வலப்பக்கத்து அறைக்கு இரண்டு எட்டு வைத்தால் போதும். இடப்பக்கத்து அறைக்குப் போக மொத்தக் கட்டடத்தையும் சுற்றி வர வேண்டும். வேதியியல் துறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். ஆனால் கழிப்பறை இருந்தது இடப்பக்கம். அதனால் அந்தத் துறைக்காரர்கள் அவசரம் வருவதற்கு முன்பே கிளம்பிவிடப் பழகியிருந்தார்கள். எதிர்த்திசையில் ஓர் எட்டு வைத்தவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். விளக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் வலமாகத்தான் போக வேண்டும்.

இந்தக் கட்டடத்தில்தான் ஹுமேரா ஐந்து வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். திருத்தணி பஜாரில் இரண்டு சக்கர வண்டி பழுது பார்க்கும் நஜீர் அகமதுவின் ஒரே மகள். அவள் எடுத்துக்கொண்ட பொருளும் வளையம்தான். நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் மூலக்கூறுக்குள் சின்னதாக ஒரு வளையம் உண்டு. அந்த மாதிரி வளையங்கள் பலவற்றைக் கைகோத்து நிற்கவைத்தால் ஒரு பெரிய வளையம் கிடைக்கும். அதிலிருக்கும் எலக்ட்ரான்களில் சில, எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாக இல்லாமல் வளையம் முழுவதும் அலையாகப் பரவி நிற்கும். காந்தப் புலத்தில் வைத்தால் வளையத்தைச் சுற்றி மின்னோட்டம் ஓடும். எந்தப் பக்கம் ஓடும் என்பது எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டைக் கூட்டினாலோ குறைத்தாலோ திசை மாறிவிடும்.

சின்ன வளையங்களில் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பெரிய வளையத்தில் அலை அறுந்து போகும், மின்னோட்டம் நிலைக்காது என்றுதான் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹுமேரா செய்த பெரிய வளையத்தில் மின்னோட்டம் நிலைத்தது. அதுவும், காந்தப் புலம் நம்மை நோக்கி வரும்படி வைத்து அம்பு போட்டுக் காட்டும் வழக்கப்படி, இடப்பக்கமாகச் சுற்றியது. அந்த அளவு வளையத்தில் அப்படி ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்த காந்த இயந்திரத்தில் நேரம் கிடைத்தபோதெல்லாம் மின்சார ரயிலேறிப் போய், திரும்பத் திரும்ப அளந்து பார்த்துத்தான் அவள் அதை நம்பினாள். நம்பிய அன்று ரயிலில் வேர்க்கடலை விற்கிறவரிடம் காரணமே இல்லாமல் இரண்டு பொட்டலம் வாங்கினாள்.

சென்னையில் நடந்த ஒரு கருத்தரங்கில் அவள் இதைச் சொன்னபோது, ஜப்பானிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் எழுந்து வந்து பேசினார். தன் ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம் இருக்கிறது, வருடக் கடைசிவரை உனக்காக வைத்திருக்கிறேன், பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து சேர் என்றார். ஹுமேராவுக்குத் தேவைப்பட்டதெல்லாம் பட்டம் ஒன்றுதான். ஆய்வேடு எழுதி முடித்தாயிற்று. கையெழுத்துகள்தான் பாக்கி. அவள் இருந்த இடத்தில் கையெழுத்துகளும் வலமாகத்தான் வரும் என்பதால் கொஞ்சம் பொறுத்திருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து நிறுவனத்துக்குத் தரச்சான்று கொடுக்கும் குழு வரப்போகிறது என்று தகவல் வந்தது. தாழ்வாரமெங்கும் ஆய்வாளர்களின் படங்களை ஒட்டச் சொன்னார்கள். ஹுமேராவும் ஒட்டினாள். பெரிய நீல வளையம், அதன்மேல் சிவப்பில் ஓர் அம்பு. இயக்குநர் முனைவர் பரசுராமன் தம் பரிவாரத்தோடு வலமாக வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே வந்தார். நீல வளையத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அம்பு அவருக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். யாராலும் பின்னே நகர முடியவில்லை, விதி அப்படி.

இது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேட்டார். ஐந்து வருடத்தில் அவர் தன் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை என்பதால் ஹுமேரா பூரித்துப்போய், இடப்பக்கமாக சார், அதுதான் இதில் புதுசே என்றாள். அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ராஜகோபால் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது அவருக்கு. எது கேட்டாலும் பார்க்கலாம் என்பார். நல்ல மனுஷர்தான், யாருக்கும் பிரயோஜனமில்லாத நல்ல மனுஷர்.

மறுநாள் இயக்குநர் அறைக்கு அழைப்பு வந்தது. பரசுராமன் அவளை உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, கதவையும் சாத்தச் சொன்னார்.

"இத பாரும்மா, நீங்க எந்தப் பக்கம் சுத்துவீங்கன்னு எனக்குத் தெரியும். மெக்காவுல இடப்பக்கமா சுத்திகினு போறத டிவில பாத்துருக்கேன். அதுல எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல. நம்ம நிறுவனத்துல அந்த வித்தியாசமே கெடையாது. ஆனா எலக்ட்ரானுக்கு மதம் கெடையாது பாரு. மதமே இல்லாத ஒண்ணு, பொதுவா எல்லாரும் சுத்துற பக்கம்தானே சுத்தணும்?"

ஐந்து வருடமும் அவரைப் போலவே வலமாக நடந்து தேய்ந்த செருப்பு அவள் காலில் இருந்தது. "சார், நான் சுத்த வக்கல. அது தானா சுத்துது" என்றாள்.

"தானா சுத்துறதுக்கு இங்க யாருக்கும் அனுமதி இல்லம்மா" என்றார் பரசுராமன், மிகவும் அன்பாக.

ராஜகோபால் அவளுக்காக ஒரு முயற்சி செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வளையத்தைக் கீழேயிருந்து பார்த்தால் அம்பு வலமாகத் தெரியும், எனவே எல்லோரும் கீழேயிருந்து பார்க்கலாம் என்றார். கீழேயிருந்து பார்த்தால் காந்தப் புலமும் தலைகீழாகிவிடும், அதனால் புலத்தை வைத்துச் சொல்லும் திசையும் மாறாது உண்மையும் மாறாது என்று ஹுமேரா சொன்னாள். தரச்சான்றுக் குழுவினரைத் தரையில் படுக்கவைப்பது மரியாதையாக இருக்காது என்று சொல்லி இயக்குநர் அந்த யோசனையைத் தள்ளினார். காரணம் வேறு வேறு, முடிவு ஒன்று. ராஜகோபால் பார்க்கலாம் என்றார்.

பிறகு மின்னோட்டத் திசை ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். வளையத்துக்கும் ஒன்று போர்த்தலாமா என்று பேச்சு வந்து, அளவு ஒத்துவராது என்பதால் கைவிட்டார்கள். குழுவில் வேதியியல் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தெரிந்தவர்கள் ஏற்கெனவே ஒரு கருத்தோடு வருவார்கள், நடுநிலை கெட்டுவிடும் என்று இயக்குநர் விளக்கினார். சுழற்சி வல்லுநர் என்ற முறையில், ஓய்வு பெற்ற போக்குவரத்து அதிகாரி கண்ணையன் அழைக்கப்பட்டிருந்தார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலைப்பாதையை ஒருவழியாக்கி ஊரைக் காப்பாற்றியவர் என்று அவரை அறிமுகப்படுத்தினார்கள்.

கண்ணையன் உண்மையிலேயே அக்கறையாகக் கேட்டார். வளையத்தின் அகலம் என்ன, எதிரில் வருவது எங்கே ஒதுங்கும், திரும்புகிற இடம் உண்டா என்றெல்லாம் கேட்டார். எலக்ட்ரான் வண்டி மாதிரி ஒரு இடத்தில் இருக்காது, ஒரே எலக்ட்ரான் அலையாக வளையம் முழுக்கப் பரவியிருக்கும் என்று ஹுமேரா பொறுமையாக விளக்கினாள்.

கண்ணையன் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒரே வண்டி ரோடு பூரா நின்னுகினு இருக்குதுன்னா, அதுக்குப் பேரு ஓட்டம் இல்லம்மா, ஜாமு" என்றார். குழு அதைப் பதிவு செய்துகொண்டது. பெரிய வளையங்களில் நெரிசல் உள்ளது என்பது குழுவின் முதல் கண்டுபிடிப்பு.

இரண்டாவது கூட்டத்தில் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஹுமேரா கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்தாள். அடியில் கரும்பச்சையாகக் கொஞ்சம் திரவம். ஆளுக்கொரு தடவை தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஓர் உறுப்பினர் தனக்கு வலமாகச் சுற்றுவது போலத்தான் தெரிகிறது என்றார். இன்னொருவர் குப்பியை வலமாகச் சுழற்றிவிட்டு, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்றார். ஹுமேராவுக்கு அழுகை முட்டியது. அவர்களுக்குப் புரியவைத்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கைதான் அவளைக் கவிழ்த்தது.

திசையைத் தீர்மானிப்பது எண்ணிக்கைதான் என்று சொல்லவந்தவள், உதாரணத்துக்காக, இதிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை எடுத்துவிட்டால் மின்னோட்டம் வலப்பக்கமாகத் திரும்பிவிடும் சார் என்று சொல்லிவிட்டாள். ராஜகோபால் கண்ணை மூடிக்கொண்டார். இயக்குநரின் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது.

"அவ்ளோதானா விஷயம்? ரெண்டே ரெண்டுதானே, எடுத்துடும்மா. இத மொதல்லியே சொல்லியிருந்தா ரெண்டு பொன்னாடை மிச்சமாயிருக்கும்."

எடுத்தால் அது வேறு வளையம், தன் கண்டுபிடிப்பே போய்விடும் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கண்டுபிடிப்பு போகவில்லை, திருத்தப்படுகிறது என்றார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இரண்டு எலக்ட்ரான்களை நீக்க வேண்டும். இந்த அளவு வளையங்களில் இடஞ்சுற்று மின்னோட்டம் காணப்படவில்லை என்று ஆய்வேட்டில் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். சேர்த்தால் மறுநாளே வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கொடுப்பார்கள்.

ஹுமேரா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நஜீர் அகமது கையிலிருந்த ஆயிலை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அவருக்குப் புரிந்தது ஒன்றுதான், மகள் ஊரைவிட்டு நல்ல இடத்துக்குப் போவதற்கு ஒரு வாக்கியம் குறுக்கே நிற்கிறது.

"அது கண்ணுக்கே தெரியாதுன்னு நீதானே சொன்ன பேட்டா. கண்ணுக்குத் தெரியாததுக்கு யாரு வந்து சாட்சி சொல்லப் போறாங்க? அவங்க சொல்ற பக்கமே சுத்திகினு போவட்டும் வுடு. நீ டாக்டர் ஆயிட்டு கெளம்பு."

"நான்தாம்பா சாட்சி" என்றாள் ஹுமேரா. அவர் சோற்றைத் தட்டில் போட்டு அவள் பக்கம் நகர்த்திவைத்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது அவளுக்கு. தன்னைப் பார்த்துக்கொள்ளவும் அப்படித்தான் இருந்தது.

ஆற்று வெள்ளத்தில் அகப்பட்டவன் நீச்சல் பாணியைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க முடியாது. வருடக் கடைசி நெருங்கிவந்தது. ஹுமேரா இரண்டு எலக்ட்ரான்களை எடுத்தாள். அந்த வாக்கியத்தையும் எழுதினாள். எழுதும்போது அழுதாள். எழுதிய பிறகு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தாள், ஏனென்றால் ஐந்து வருடப் பழக்கம் அப்படி.

தேர்வுத் தேதி வருவதற்குப் பதிலாகத் தணிக்கைப் பிரிவிலிருந்து நிர்மலா வந்தார். கண்டிப்பானவர், நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர். நிறுவனத்துச் செலவில் செய்த வளையத்தில் இரண்டு எலக்ட்ரான் குறைகிறதே, எங்கே என்று கேட்டார். குழு சொல்லித்தான் எடுத்தேன் என்றாள் ஹுமேரா. எடுக்கத்தான் குழு அனுமதித்தது, எடுத்ததை எங்கே வைத்தாய் என்பதுதான் கேள்வி என்றார் நிர்மலா. அவை வேறொரு பொருளிடம் போய்விட்டன மேடம், அதைச் சேர்த்துத்தான் எடுக்க முடியும் என்றாள்.

"அப்ப எடமாத்தம் பண்ணிருக்கீங்க. உத்தரவு இல்லாம எடமாத்தம். அந்தப் பொருள் யாரோடது, அது எதுக்கு வாங்கிகிச்சு? சும்மா யாராவது வாங்கிப்பாங்களா?"

விசாரணை முடியும்வரை குப்பியைக் கைப்பற்றி, அரக்கு வைத்து, எல்லோருக்கும் தெரியும்படி இயக்குநர் அறைக் கண்ணாடி அலமாரியில் கோப்பைகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். வெயில் படக்கூடாது, காற்றுப் படக்கூடாது, இருட்டில் குளிரில் வைக்க வேண்டும் என்று ஹுமேரா கெஞ்சினாள். சாட்சிப் பொருளை இருட்டில் வைத்தால் சந்தேகம் வரும் என்றார் நிர்மலா. திருத்தணி வெயில் அலமாரிக்குள் தாராளமாக வந்தது. கரும்பச்சை பழுப்பாகி, பழுப்பு வெறும் கலங்கலாகி, வளையம் எப்போதோ அறுந்துபோனது. இயக்குநர் தினமும் அதைத் துடைக்கச் சொன்னார்.

ஜப்பான் பேராசிரியர் ஆய்வேட்டைக் கேட்டு எழுதினார். அவள் அனுப்பிவைத்தாள். மரியாதையாகப் பதில் வந்தது. சென்னையில் நீங்கள் சொன்னதும் இதில் எழுதியிருப்பதும் நேரெதிராக இருக்கின்றன, எனவே நாங்களே அந்த வளையத்தைச் செய்து பார்க்கிறோம் என்றிருந்தது. செய்து பார்த்தார்கள். மின்னோட்டம் இடப்பக்கமாகத்தான் சுற்றியது. முன்பு சொன்னதே சரி என்று அவளுக்குத் தெரிவித்தார்கள். சரியானதை ஏன் பிறகு மறுத்தீர்கள் என்று புரியவில்லை, தன் கண்ணால் கண்டதில் உறுதியாக நிற்காதவர் எங்களுக்கு ஒத்துவர மாட்டார், மன்னிக்கவும் என்று அடுத்த வரி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் அடிக்குறிப்பில், இந்த விளைவு முதலில் காணப்பட்டது திருத்தணியில் என்று நாணயமாக ஒரு வரி போட்டிருந்தார்கள். அது செய்தித்தாளுக்கு வந்தது. செய்தித்தாள் இயக்குநரிடம் வந்தது. அடுத்த வாரமே வாசலில் பதாகை தொங்கியது. பெரிய வளையத்தில் இடஞ்சுற்று மின்னோட்டம், உலகுக்கு முதலில் சொன்னது நம் நிறுவனம். பரசுராமனின் முகம் வளையத்துக்கு உள்ளே, கண்ணையன் முகம் ஓரமாக. அம்பு இடப்பக்கமாகவே இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பாராட்டு விழா நாள் காலையில் ஹுமேராவுக்கு ஓர் உறை வந்தது. பட்டம் என்று நினைத்துத்தான் பிரித்தாள். "ஆய்வாளர் சமர்ப்பித்துள்ள ஆய்வேடு, அதே ஆய்வாளர் கண்டறிந்த உண்மைக்கு முற்றிலும் முரணாக இருப்பதால் நிராகரிக்கப்படுகிறது" என்று இருந்தது. கீழே ராஜகோபாலின் கையெழுத்தும் இருந்தது. அவரைத் தேடிப் போய், சார் நீங்களுமா என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், மறுபடி பதிவு செய்துகொள்ளலாம், பார்க்கலாம் என்றார். அதே வளையத்தை மறுபடி செய்து காட்ட அவளுக்கு நேரமும் யாரும் கொடுக்கவில்லை, பொருளும் கொடுக்கவில்லை.

மாலை விழாவில் பரசுராமன் வெகுநேரம் பேசினார். "உலகமே ஒரு பக்கம் போகும்போது எதிர்ப்பக்கம் போகும் துணிவு, இந்த நிறுவனத்தின் ரத்தத்திலேயே ஊறியது. யார் தடுத்தாலும் உண்மையை நாம் மறைத்ததில்லை. இந்த மாபெரும் உண்மையை மறுத்து ஆய்வேடு எழுதியவர்களும் நம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களையும் மேடையில் உட்கார வைத்திருக்கிறோம். அதுதான் நம் பெருந்தன்மை" என்றார். கண்ணையனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நிர்மலாவுக்கு, சாட்சிப் பொருளைக் கண்ணும் கருத்துமாகக் காத்ததற்காக ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

கடைசியாக நன்றியுரை சொல்ல ஹுமேராவைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். சபையில் இருந்த எல்லோர் முகத்தையும் பார்த்தாள். கடைசி வரிசையில், கடையைச் சாத்திவிட்டு, பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு நஜீர் அகமது உட்கார்ந்திருந்தார். காலையில் வந்த உறையைப் பற்றி அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்கவில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, மின்னோட்டத்தின் திசையை உலகுக்கு முதலில் சொன்ன நிறுவனத்துக்கும், அதன் இயக்குநருக்கும், குழுவினருக்கும் என் மனமார்ந்த நன்றி என்றாள். சபை கைதட்டியது. மகளுக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து நஜீர் அகமது எழுந்து நின்றார். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவர் கைதட்டிக்கொண்டே இருந்தார்.